தண்ணீர் ஏறிய கோட்டை

ஜெய்சல்மேருக்கு மூன்று நாள் விடுமுறையில் போனோம். மணலைப் பார்க்கத்தான் போனோம். கோட்டைச் சுவரில் ஏறியிருந்த ஈரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பினோம்.

2024ஆம் ஆண்டு குடியரசு தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள். இப்படி ஒரு விடுமுறை வாய்த்தால் தில்லியில் பாதிப் பேர் மலைக்கு ஓடுவார்கள். மலைப் பாதையில் கார்களின் வால் பிடித்து நிற்க எங்களுக்குத் தெம்பில்லை. அதனால் எதிர்த்திசையில் கிளம்பினோம். பழைய தில்லி ரயில் நிலையத்தில் வியாழக்கிழமை மாலை ருணிச்சா எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால் சுமார் 18 மணி நேரத்தில் ஜெய்சல்மேர்.

நாங்கள் நால்வர். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர், பள்ளியில் பூகோளம் கற்பிக்கும் அவர் மனைவி, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு வங்காளி, நான். பொறியாளருக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். டீச்சருக்குப் பாடப் புத்தகத்தில் இருபத்தைந்து வருடமாக நடத்தும் தார் பாலைவனத்தை ஒரு தடவையாவது காலால் மிதித்துவிட வேண்டும். வங்காளி நண்பருக்கோ ஜெய்சல்மேர் என்பது ஊரே அல்ல, சினிமா. சத்யஜித் ராய் தன் நாவலையே 'சோனார் கெல்லா' என்று 1974இல் படமாக எடுத்தார். முற்பிறவியில் பார்த்த தங்கக் கோட்டையைத் தேடும் முகுல் என்ற சிறுவனின் கதை அது. "எங்கள் ஊரில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே முகுல் கதையையும் ஊட்டிவிடுவார்கள்" என்று ரயிலில் அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். கோட்டைக்குள்ளேயே தங்க வேண்டும். இந்தியாவில் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வெளியேற வேண்டிய கோட்டைகள். ஜெய்சல்மேர் அப்படியல்ல. 1156இல் பட்டி ராஜபுத்திர அரசர் ராவல் ஜெய்சல் தொடங்கிய அந்தக் கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், மாடுகள் சந்தில் குறுக்கே படுத்திருக்கின்றன. மதிலை ஒட்டிய பழைய வீடு ஒன்று விடுதியாகியிருந்தது. கொத்தளத்தைப் பார்த்த ஜன்னல், அறைக்குள்ளேயே குளியலறை, இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீர். இரண்டு அறைக்கு முன்பணம் அனுப்பியது நான்தான். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அதுவே காரணம்.

ஜோத்பூர் தாண்டிப் பொழுது விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே நிறம் மாறியிருந்தது. வன்னி மரங்கள், எருக்கு, சப்பாத்திக் கள்ளி, நடுவில் எங்கோ ஓர் ஒட்டகம். ராம்தேவ்ரா வந்தது. அந்த ஊரின் இன்னொரு பெயர்தான் ருணிச்சா. அடுத்து, 1974லிலும் 1998லிலும் அணுகுண்டுச் சோதனை நடந்த போக்ரான் வட்டாரம். டீச்சர் கணக்கு எடுத்துவிட்டார். ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பளவு 38,401 சதுர கிலோ மீட்டர், ஏறக்குறைய கேரள மாநிலம் அளவு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏழு லட்சத்துக்கும் குறைவு, சதுர கிலோ மீட்டருக்கு 17 பேர். ஆண்டு மழை சராசரியாக 200 மில்லி மீட்டர்கூட இல்லை. சென்னையில் சுமார் 1,400.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் இலக்கணம் சொல்லும். தமிழனுக்குப் பாலை என்பது நல்ல நிலம் கெட்டுப்போன நிலைமை. நானும் அந்த எண்ணத்தோடுதான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் அது மாறியது.

* * *

கோட்டை தூரத்திலிருந்தே தெரிகிறது. சுமார் 250 அடி உயரமுள்ள திரிகூடக் குன்றின் மேல் மஞ்சள் கல்லில் வளைந்து வளைந்து ஓடும் மதில், 99 கொத்தளங்கள். நண்பகலில் வெளிறிய மஞ்சள், மாலையில் தேன் நிறம். வங்காளி நண்பர் ஆட்டோவிலிருந்து இறங்கி, பேச்சு மூச்சின்றிக் கொஞ்ச நேரம் நின்றார். அதற்கே பயணச் செலவு சரியாகிவிட்டது.

அறைக்குப் போனதும் முதல் வேலையாகக் குளியலறைக்குள் நுழைந்தேன். பதினெட்டு மணி நேர ரயில் தூசி, வெளியே ஜனவரிக் குளிர், கொதிக்கக் கொதிக்க ஷவர். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. துவட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். முற்றத்தில் விடுதிக்காரரின் தாயார் உட்கார்ந்து கம்பு மாவு சலித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. எல்லோரும் அவரை மாஜி என்று அழைத்தார்கள்.

"குளித்து முடிந்ததா, பேட்டா?"

"ஆயிற்று மாஜி. நல்ல வெந்நீர்."

"தெரியும். நீ குளித்த தண்ணீர் எங்கள் சமையலறைக்கு வந்துவிட்டது."

கோபமில்லாமல், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லும் தொனியில் சொன்னார். எழுந்து உள்ளே அழைத்துப் போனார். என் குளியலறைக்கு நேர் கீழே அவர்கள் சமையலறை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. மஞ்சள் கல் கறுத்து, பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. மாஜி விரலால் தேய்த்துக் காட்டினார். கல், நனைந்த வெல்லம் மாதிரி கையோடு வந்தது.

நான் பேச வாயெழாமல் நிற்க, பொறியாளர் வந்து சேர்ந்தார். சாவியால் சுவரைத் தட்டிப் பார்த்தார், வெளியே போய் மதிலோரம் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து பாடமே எடுத்துவிட்டார். "சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கின வேலை இது. கூரையில் கனமாக மண். அடியில் இருக்கும் குன்றோ மணற்கல்லும் களிமண் படிவமும் மாறி மாறி அடுக்கின அடுக்கு. காய்ந்து கிடக்கிற வரைக்கும் இரும்பு மாதிரி நிற்கும். ஈரம் இறங்கினால் களிமண் உப்பும், மேலே இருக்கிற பாரம் நகரும். தண்ணீர் அதிகம் வராது என்று நம்பிக் கட்டின கோட்டை சார் இது. எண்ணூறு வருஷம் அந்தக் கணக்கு தப்பவில்லை."

கணக்கு தப்பியது குழாய் வந்த பிறகு. குடத்தில் வந்த தண்ணீர் திருகினால் வருவதாயிற்று. வடிகால் மட்டும் குடத் தண்ணீர்க் காலத்தது. சுற்றுலா பெருகியபோது வீடுகள் விடுதிகளாயின, அறைக்கு ஒரு குளியலறை முளைத்தது. சிந்தியதும் கசிந்ததும் குன்றுக்குள் இறங்கின. 1990களின் பிற்பகுதியில் கொத்தளங்கள் சில இடிந்து விழுந்தன. உலக நினைவுச் சின்ன நிதியம் 1996இல் தன் அபாயப் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது. 'ஆபத்தில் ஜெய்சல்மேர்' என்று பொருள்படும் பெயரில் பிரிட்டனில் ஓர் அமைப்பே உருவானது. இன்டாக் போன்ற அமைப்புகள் பழுது பார்க்கும் வேலையில் இறங்கின. 2013இல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பட்டியலில் ஏறினால் சுவர் காய்ந்துவிடாது. ஆட்கள் இன்னும் அதிகமாக வருவார்கள். நான் வந்ததைப் போல.

மாஜி பதினைந்து வயதில் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தாராம். விடியற்காலையில் கட்டிசர் ஏரிக்குப் போய்த் தலையில் இரண்டு குடம் அடுக்கி, கோட்டையின் நான்கு வாசல்களையும் தாண்டி ஏற வேண்டும். "ஒரு குடம் தண்ணீர் நாலு வேலை செய்யும். கட்டிலின் மேல் உட்கார்ந்து குளிப்போம். கீழே தாம்பாளத்தில் விழும் தண்ணீரில் துணி நனையும். துணி அலசின தண்ணீர் தரை மெழுக. கடைசியில் மிச்சம் இருந்தால் வேப்பங்கன்றுக்கு. பாத்திரத்துக்குத் தண்ணீரே கிடையாது, மணல்தான்."

டீச்சர் இதை மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே எனக்குப் புரிந்தது. நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ஊருணிப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அம்மாவுக்குப் பின்னால் சிறு குடத்தோடு நடந்தவன். தில்லிக்கு வந்து முப்பது வருடத்தில் அது எப்படியோ கழன்று போயிருந்தது.

அன்றிரவு மொட்டைமாடியில் சாப்பாடு. தால், பாட்டி, சூர்மா, கேர்-சாங்ரி. வன்னி மரத்துக் காயையும் முட்புதரில் காய்க்கும் சிறு காயையும் காயவைத்து எடுத்து, வேண்டும்போது ஊறவைத்துச் சமைப்பது. மோரும் நெய்யும் கலந்த சமையல். கறிகாய் விளையாத காலத்துக்கென்றே கண்டுபிடித்த ருசி. அதை அனுபவித்துச் சாப்பிட விடாமல் பொறியாளர் ஆரம்பித்தார்: "நாளைக் காலையில் அறையைக் காலி செய்துவிடலாம். ஊருக்குள் ஆயிரம் ஓட்டல் இருக்கிறது."

"முன்பணம் கொடுத்தாகிவிட்டது" என்றேன். சொல்லும்போதே நன்றாயில்லை.

"உன் முன்பணத்துக்காகச் சுவர் காத்திருக்காது."

வங்காளி நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பது வருடக் கனவில் முதல் ராத்திரியிலேயே மண் விழுந்தால்? குரல்கள் உயர்ந்தன. ரொட்டி கொண்டுவந்த விடுதிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பணிவாகச் சொன்னார்: "வெளிநாட்டு வழிகாட்டிப் புத்தகங்களிலும் கோட்டைக்குள் தங்காதே என்று எழுதினார்கள் சாப். தப்பில்லை. ஆனால் எனக்கு வயல் கிடையாது. இந்த வீடுதான் உண்டு. அறைக்கு ஆள் வராவிட்டால் நானும் கீழே போய்விடுவேன், பக்கத்து வீட்டுக்காரரும் போய்விடுவார். ஆள் இல்லாத வீட்டில் கசிவதை யார் பார்ப்பார்கள்?"

நால்வரில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. முழு நிலவு கழிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கீழே ஊர் முழுவதும் வெள்ளியாய்க் கிடந்தது.

* * *

சனிக்கிழமை காலை ஜீப்பில் குல்தாராவுக்குப் போனோம். மேற்கே 18 கிலோ மீட்டர். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர். கூரையில்லாத சுவர்களும் நேரான தெருக்களும் மட்டும் மிச்சம். வழிகாட்டி இளைஞர் பேய்க் கதையை மனப்பாடமாக வைத்திருந்தார். திவான் சாலிம் சிங் ஊர்த் தலைவரின் பெண் மீது ஆசைப்பட்டான், மானத்தைக் காக்க 84 ஊர்க்காரர்களும் ஒரே இரவில் சபித்துவிட்டுக் கிளம்பினார்கள், அன்று முதல் இங்கே யாரும் இரவு தங்க முடியாது. சாலிம் சிங் உண்மையில் வாழ்ந்தவர்தான். அவருடைய மயில் தோகை மாளிகையை ஊருக்குள் இன்றும் பார்க்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பேயை விட்டுவிட்டு வரிக் கொடுமை, கிணற்று நீர் வற்றியது, நிலநடுக்கம் என்று வேறு காரணங்களை முன்வைக்கிறார்கள். பக்கத்தில் காக்னி ஆற்றுப் படுகை காய்ந்து கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டுப் போனார்கள் என்றால் டிக்கெட் விற்காது. பேய் என்றால் விற்கும்.

ஆனால் பாலிவால்கள் விட்டுச்சென்றவற்றில் பேயைவிட அதிசயமான ஒன்று உண்டு. குல்தாராவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜீப் ஒரு மண் கரையின் மேல் ஏறி நின்றது. எதிரே பச்சை. கண் எட்டிய வரை கொண்டைக்கடலைப் பயிர், ஓரத்தில் கோதுமை. சுற்றிலும் கல்லும் முள்ளும், நடுவில் தஞ்சாவூர்.

இதற்குப் பெயர் கடீன். பாலிவால்கள் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் உண்டாக்கிய முறை என்கிறார்கள். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் நீளமாக மண் கரை. சுற்றியுள்ள பாறைத் தரிசில் பெய்கிற கொஞ்ச நஞ்ச மழையெல்லாம் ஓடிவந்து கரையோரம் தேங்கும். அதை இறைப்பதில்லை, பாய்ச்சுவதில்லை. அப்படியே மண்ணுக்குள் இறங்க விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேலே தண்ணீர் வடிந்ததும், கீழே இருக்கும் ஈரத்தை நம்பி விதைப்பார்கள். பிறகு அறுவடை வரை ஒரு சொட்டு ஊற்றுவதில்லை.

அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் பீடியைப் பற்றவைத்தபடி டீச்சருக்குப் பாடம் நடத்தினார். மழை பெய்து தரையில் ஓடுவது பாலர் பானி. ஆழ்கிணற்றில் இருப்பது பாதாள பானி, பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவில் மணலுக்குள் ஒளிந்திருப்பது ரேஜாணி பானி. சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சப் படுகை ஓடுகிறது. மழை ஈரம் அதைத் தாண்டிக் கீழே இறங்கி உப்புத் தண்ணீரோடு கலப்பதில்லை. அங்கே ஆள் ஒருவர் இறங்கும் அகலத்துக்கு மட்டும் குழி தோண்டி, உள்ளே சுவர் எழுப்பிவிட்டால் மணலில் இருக்கும் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காது. இந்தக் குறுங்கிணறுகளை 'கூயி' என்றும் 'பேரி' என்றும் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் ஊர் ஊராக நடந்து எழுதிவைத்தவர் அனுபம் மிஸ்ரா. தில்லியில் காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்துகொண்டு 1993இல் குளங்களைப் பற்றியும் 1995இல் ராஜஸ்தானின் மழைத் துளிகளைப் பற்றியும் இந்தியில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். உரிமை யாருக்கும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று விட்டுவிட்டார். அவர் 2016இல் காலமானார். டீச்சர் தன் பையில் அந்த முதல் புத்தகத்தை வைத்திருந்தார். "இருபத்தைந்து வருஷமாக இந்த இடத்தை 'வறண்ட பகுதி, விவசாயத்துக்கு ஏற்றதல்ல' என்று பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று பயிரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை சாம். ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கிலோ மீட்டரில் மணல் மேடுகள். சினிமாக்களில் வரும் மணல் இதுதான். மடிப்பு மடிப்பாக, காற்று வரைந்த கோலத்தோடு. ஆனால் நீண்ட விடுமுறையாயிற்றே. மேட்டுக்கு மேடு ஜீப்புகள் ஏறி இறங்கின. ஒட்டகங்கள் வரிசை கட்டி நின்றன. சாலையோரம் கூடார விடுதிகள், ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி. நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியின் நடுவில் ஒரு நீச்சல் குளம். நீல ஓடு பதித்து, விளக்குப் போட்டு, நிறையத் தண்ணீர். அந்தக் குளிரில் அதில் இறங்க ஒருவரும் இல்லை. லாரியில் வருகிறது என்றார் பையன். பொறியாளர் என்னைப் பார்த்தார். "இதுக்கும் முன்பணம் கொடுத்தியாப்பா?" கொடுத்திருந்தேன்.

நெருப்பைச் சுற்றிக் கச்சேரி நடந்தது. பாடியவர்கள் மாங்கணியார்கள். முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றுக்கும் பாடுகிறவர்கள். கிருஷ்ணன் பாட்டும் பாடுவார்கள், சூஃபிப் பாட்டும் பாடுவார்கள். ஆட்டுத் தோல் போர்த்திய குடம் போன்ற வயிறுள்ள கமாயிசா அவர்களுடைய வில் வாத்தியம். ஜெய்சல்மேர் அருகே ஹமீரா கிராமத்து சாகர் கான் இந்த வாத்தியத்துக்காக 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். அன்று வாசித்த முதியவரின் கமாயிசாவும் நெஞ்சைப் பிழிந்தது. ஆனால் இரண்டு பாட்டு முடிவதற்குள் கூட்டம் சினிமாப் பாட்டு கேட்டது. முதியவர் வில்லைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒலிபெருக்கி முழங்கியது.

நாங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்தோம். மணல் பனிக்கட்டி போல் குளிர்ந்திருந்தது. நிலவில் ஒரு வண்டு எங்களுக்கு முன்னால் ஓடித் தடம் போட்டது. நேற்றைய சண்டைக்குப் பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தது அப்போதுதான். வங்காளி நண்பர் தானாகவே ஆரம்பித்தார்: "படத்தில் முகுல் கடைசியில் கோட்டையைப் பார்த்ததும், வீட்டுக்குப் போக வேண்டும் என்பான். அது ஏன் என்று சின்ன வயதில் புரியவில்லை." மேற்கொண்டு விளக்கவில்லை. பொறியாளர் தன் போர்வையில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

* * *

ஞாயிறு காலை திரும்பி வந்து கட்டிசர் ஏரிக்குப் போனோம். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் வெட்டிய ஏரி. அவர் பெயரே ஏரியின் பெயராயிற்று. படித்துறைகள், நீருக்கு நடுவே மண்டபங்கள். நுழைவாயிலில் தீலோன் என்ற கணிகை கட்டிய தோரண வாசல். கணிகை கட்டிய வாசலின் கீழே அரசகுடும்பம் நடந்து தண்ணீருக்குப் போவதா என்று இடிக்கக் கிளம்பினார்களாம். அவள் முந்திக்கொண்டு வாசலுக்கு மேலே கிருஷ்ணன் கோவிலைக் கட்டிவிட்டாள். கோவிலை யார் இடிப்பது? கதையோ நிஜமோ, வாசல் நிற்கிறது. தண்ணீருக்குப் போகும் வழியில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஒரு பெண் நினைத்த ஊர் இது.

ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துப் பகுதிக்கு 'ஆகோர்' என்று பெயர். அங்கே செருப்போடு நடக்கக் கூடாது, மலஜலம் கழிக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் கட்டுப்பாடு. ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்தடுத்து ஒன்பது குளங்களுக்குப் போகும்படி வழி வைத்திருந்ததாக மிஸ்ரா எழுதுகிறார். எட்டு மாதத்துக்கு ஒரு நகரத்தின் தாகம், ஒரு நாலைந்து நல்ல மழையில் தீர்ந்திருக்கிறது.

இன்று ஏரியில் படகு விடுகிறார்கள். கெளுத்தி மீன்கள் ரொட்டிக்காக வாய் பிளந்து மொய்க்கின்றன. தண்ணீர் வற்றாமல் இருப்பதற்குக் காரணம் இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் ஹரிகே அணைக்கட்டில் தொடங்கி 649 கிலோ மீட்டர் ஓடி ஜெய்சல்மேர் மாவட்டத்துக்குள் முடியும் கால்வாய். 1958இல் ஆரம்பித்து, பிரதானக் கால்வாய் 1987இல் இங்கே வந்து சேர்ந்தது. இமயத்துத் தண்ணீர் பாலைவனத்தில். அதைக் குறை சொல்ல நான் யார்? இரண்டு குடத்தோடு குன்று ஏறிய மாஜியிடம் போய்க் குழாய் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாஜியே சொன்னார்: "குழாய் வந்த அன்றைக்கு நான் அழுதேன், சந்தோஷத்தில். தப்பு குழாய் மேல் இல்லை. குடத்தைத் தூக்கினவளுக்குத்தான் தண்ணீரின் கனம் தெரியும். குழாயைத் திருப்புகிறவனுக்கு எப்படித் தெரியும்?"

மாலை ரயில். அறையில் சாமான்களை எடுக்க வேண்டும், குளிக்க வேண்டும். உடம்பெல்லாம் சாம் மணல். பொறியாளர் ஷவர் குழாயின் வாயைத் துணியால் கட்டிவிட்டார். கீழே முற்றத்தில், மாஜி காட்டிய மூலையில், நால்வருக்கும் சேர்த்து இரண்டு வாளி. அளவு வைத்தது டீச்சர். ஆளுக்கு ஆறு சொம்பு. வங்காளி நண்பர் ஏழாவது சொம்புக்குக் கை நீட்டி, எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார். நான் குளித்த தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடித்து வேப்ப மரத்தடியில் ஊற்றினேன். மாஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்த மரத்துக்கு இனிமேல் தேவையில்லை, பேட்டா. அதன் வேர் உன் குளியலறைக்கே வந்துவிட்டது."

கிளம்பும்போது பொறியாளர் விடுதிக்காரரைத் தனியே கூப்பிட்டு, காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தார். கசியும் இணைப்பு எது, குழாயைச் சுவருக்குள் ஓட்டாமல் வெளியே எப்படிக் கொண்டுவருவது, எந்த இடத்தில் எவ்வளவு சாய்வு. செலவு அதிகமில்லை, ஆனால் சீசனில் இரண்டு வாரம் அறையை மூட வேண்டியிருக்கும். விடுதிக்காரர் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செய்வாரா என்பது தெரியாமலே ரயில் ஏறினோம்.

2024 ஆகஸ்டில் ஜெய்சல்மேரில் பலத்த மழை. கோட்டைச் சுவரின் ஒரு பகுதி சரிந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். மஞ்சள் கற்கள் சாலையோரம் குவிந்து கிடந்த புகைப்படத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை சாப்" என்றார் விடுதிக்காரர். ஏப்ரலில், ஆள் வராத கோடையில், உங்கள் நண்பர் சொன்னபடி குழாயை மாற்றிவிட்டோம் என்றார். இரண்டு அறைகளில் ஷவரையே எடுத்துவிட்டு வாளியும் சொம்பும் வைத்திருக்கிறாராம். "வெளிநாட்டுக்காரர்கள் அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர்க்காரர்கள்தான் வாடகையில் எவ்வளவு குறைப்பாய் என்று கேட்கிறார்கள்."

சமையலறைச் சுவர் காய்ந்ததா என்று கேட்டேன். பாதி காய்ந்திருக்கிறது, மீதிக்கு இரண்டு வருடமாவது ஆகும் என்றார். பிறகு மாஜியிடம் கொடுத்தார். இந்தச் சீமையில் யாரோடு பேசினாலும் முதல் கேள்வி அதுதானாம். எண்ணூறு கிலோ மீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாஜி உரத்த குரலில் கேட்டார்: "பேட்டா, உங்கள் பக்கம் மழை உண்டா?"